அனுபவ அத்தையும் முதலாளியின் வயிறும்

ஏழு குழந்தைகளைப் பெற்று, பாலூட்டி, ஆளாக்கிய பிரம்மச்சாரி இந்த உலகத்தில் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தற்பெருமை என்று நினைக்க வேண்டாம். அச்சில் வந்த செய்தி. அச்சில் வருவதெல்லாம் உண்மை என்பது எங்கள் ஆசிரியரின் கொள்கை. அந்தக் கொள்கையிலிருந்துதான் எனக்கு மாதாமாதம் சம்பளம் வருகிறது.

நான் ஒரு குடும்ப வார இதழில் பிழை திருத்துபவன். ஜன்னலோர மேசை, ஆடும் நாற்காலி, சிவப்புப் பேனா. எந்த வம்புக்கும் போகாத என்னை ஏழு பிள்ளைகளுக்குத் தாயாக்கியது ஒரு விளம்பரதாரர். கடைசி நிமிடத்தில் அவர் தன் அரைப் பக்க விளம்பரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பக்கம் காலி. அச்சகத்திலிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி. ஆசிரியர் அறையை ஒரு சுற்று பார்த்தார். சும்மா இருந்தது நான் ஒருவன்தான்.

"உங்களுக்குத் தங்கச்சி இருக்கா?"

"இருக்கா சார்."

"அப்ப தாய்மார்களோட மனசு தெரியும். எழுதுங்க."

இப்படித்தான் 'அனுபவ அத்தை பதில்கள்' பிறந்தது. படம் வேண்டுமே? எங்கள் பக்க வடிவமைப்பாளருக்கு 'அளவுகோல்' என்று பெயர்; பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்துவிட்டது. அவர் என் அடையாள அட்டைப் படத்தை எடுத்து மீசையை அழித்தார், கொண்டை போட்டார், மூக்குக்கண்ணாடி மாட்டினார். அதைப் பார்த்துவிட்டு என் தங்கை, "நல்ல குடும்பத்துப் பொம்பளை, முகத்திலேயே தெரியுது" என்றாள். என் முகத்தைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

அத்தைக்கு வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான். 'என் குழந்தை வெளிக்குப் போகவில்லை, என்ன செய்வது?' ஆசிரியருக்கு வாயெல்லாம் பல்.

"மலச்சிக்கல் நம்ம சொத்துங்க. அரசியல்வாதி மாறுவான், நடிகை மாறுவா, இது மாறவே மாறாது. புதுசு புதுசா அம்மாக்கள் வந்துகிட்டே இருப்பாங்க. ஆனா ஒண்ணு. எந்தப் பதில்லயும் ஒரு சமையலறைப் பொருள் இருக்கணும், ஒரு எண்ணெய் இருக்கணும், ஒரு திசை இருக்கணும்."

"ஏன் சார்?"

"சமையலறைப் பொருள் இருந்தா நம்பிக்கை வரும். எண்ணெய் இருந்தா விளம்பரம் வரும். திசை இருந்தா மரியாதை வரும்."

மருத்துவக் கல்லூரிகளில் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தருகிறார்களா என்று தெரியவில்லை.

அத்தையின் புகழ்பெற்ற 'மும்முனை முறை' உருவான விதத்தையும் வருங்காலத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். முதலில் நான் எழுதியது ஒரே வாக்கியம்: 'குழந்தையைக் கிழக்கே தலைவைத்துப் படுக்கவைத்து, வயிற்றை மெதுவாகத் தடவிக்கொடுங்கள்.' யாருக்கும் கெடுதல் இல்லாத வாக்கியம். பக்கத்து மேசையிலிருந்து அளவுகோல் குரல் கொடுத்தார்: "ரெண்டு வரி குறையுது!" விளக்கெண்ணெய் புகட்டுவதைச் சேர்த்தேன். "இன்னும் ஒரு வரி!" நாக்கில் தேன் தடவச் சொன்னேன். "அரை வரி!" சோப்பைக் கூராகச் சீவி, அதை எங்கே வைக்க வேண்டும் என்றும் எழுதினேன். அவரவர் வைத்திய முறை தவத்தில் பிறக்கும், ஆராய்ச்சியில் பிறக்கும். என்னுடையது இடைவெளியில் பிறந்தது.

வாசகர்கள் வாழ்த்தினார்கள். அத்தைக்குப் புடவைகூட வந்தது. ஆசிரியர் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

இப்படிப் புகழின் உச்சியில் நான் வீற்றிருந்தபோதுதான் என் தங்கை கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். அவர் திரும்பும்வரை என் வீட்டு ஒற்றைப் படுக்கையறை அவர்களுக்கு, கூடத்துத் தரை எனக்கு.

குழந்தைக்கு இரண்டு மாதம். நாங்கள் வைத்த செல்லப் பெயர் 'முதலாளி'. பகலெல்லாம் தூங்குவார். விழித்தால் கத்துவார். எல்லோரும் ஓடுவோம். எதற்கும் கணக்குக் காட்ட மாட்டார்.

அன்று விடுமுறை. நான் தலைக்குக் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, முதலாளி நாலஞ்சு நாளா வெளிக்கே போகலை."

"போவான்."

"முக்கறான், முகமெல்லாம் செவந்து போகுது. ஒண்ணும் வரலை."

"நம்ம இதழும் அப்படித்தான் முக்கி முக்கி வெளிவருது. வரும், விடு."

எந்த இதழிலும் வெளியீடு தாமதமாவது சகஜம் என்ற தைரியத்தில் நான் புரண்டு படுத்தேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. பிறகு அலமாரி திறக்கும் சத்தம். பிறகு ஏதோ சீவுகிற சத்தம். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து போனேன்.

மேடை மேல் தேன் பாட்டில் இருந்தது. விளக்கெண்ணெய் இருந்தது. புத்தம்புதிய சோப்புக் கட்டியைத் தங்கை கத்தியால் கூராக்கிக்கொண்டிருந்தாள். எதிரே, எண்ணெய் டப்பாவில் சாய்த்துவைத்த வார இதழில், கொண்டையும் கண்ணாடியுமாக நான் அவளைக் கனிவோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பண்றே?"

"அத்தை வைத்தியம். முதல்ல எண்ணெய், அப்புறம் தேன், அப்புறம் இது." சோப்பு முனையை விரலால் தொட்டுப் பார்த்தாள். "கூர் போதுமா, பாரு."

ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு நான் இதைச் சிபாரிசு செய்திருக்கிறேன். அவை எல்லாம் கடிதத்தில் வந்த குழந்தைகள். 'கேள்வி: ஒரு வாசகி' என்று முடிந்துபோகிற குழந்தைகள். இவனோ கூடத்தில் கம்பளி மேல் மல்லாந்து படுத்து, தன் முஷ்டியைத் தானே சாப்பிட முயன்றுகொண்டிருந்தான். எண்ணெய் முதல் இரண்டு வரி. தேன் மூன்றாம் வரி. சோப்பு அரை வரி. அந்த மூன்றரை வரியும் இப்போது இவன் உடம்பை நோக்கி வந்துகொண்டிருந்தன.

"இதெல்லாம் வேண்டாம்மா. டாக்டர்கிட்ட போலாம்."

"உனக்கு என்ன தெரியும்? நீ பெத்தியா, வளர்த்தியா? அத்தை ஏழு பெத்தவங்க."

"எனக்கு அத்தையைத் தெரியும். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"பொறாமை. ஒரே ஆபீஸ்ல இருந்துகிட்டு ஒரு நாள் அவங்களைப் பத்தி நல்லதா பேசியிருக்கியா? அவங்களுக்கே செய்தி அனுப்பிக் கேக்கறேன். அவங்க வேண்டாம்னு சொன்னா வேண்டாம்."

இதழில் அச்சாகியிருந்த எண்ணுக்கு அனுப்பினாள். நாற்காலியில் தொங்கிய என் அலுவலகப் பை 'டிங்' என்றது.

"உன் பை கத்துது."

பையோடு குளியலறைக்குள் போய்த் தாழிட்டேன். அத்தையின் தொலைபேசி என் பொறுப்பில்தான் இருந்தது. ஏழு பெற்றவள் கழிவறை வாளி மீது உட்கார்ந்துகொண்டு தன் வாழ்நாளிலேயே முதல் முறையாக ஓர் உண்மையைத் தட்டச்சு செய்தாள்: 'கண்ணே, குழந்தைக்கு எதுவும் கொடுக்காதே. எதுவும் வைக்காதே. டாக்டரிடம் காட்டு.'

வெளியே தங்கை அலறினாள்.

"அண்ணா! யாரோ அத்தையோட போனைத் திருடிட்டாங்க!"

"ஏன்?"

"டாக்டர்கிட்ட போகச் சொல்லுது! அத்தை எந்த ஜென்மத்துலயும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. எண்ணெய் இல்லை, திசை இல்லை. இது அவங்க எழுத்தே இல்லை. உங்க ஆசிரியருக்குப் போன் போடறேன்."

என் நடைக்கு இவ்வளவு நுட்பமான வாசகி என் வீட்டிலேயே இருந்திருக்கிறாள். மெய்சிலிர்க்க நேரமில்லை. மறுபடியும் தட்டினேன்: 'கண்ணே, பாதிச் செய்திதான் வந்திருக்கிறது. முழுதும் கேள். குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றி, வாசற்படியில் கிழக்கு நோக்கி ஒரு கணம் நின்று, வழியில் ஒரு வார்த்தையும் பேசாமல் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். அதற்கு முன் வாயில் எதுவும் படக்கூடாது. பட்டால் பலன் போய்விடும். சோப்பு இதற்கு ஆகாது.'

கதவு தட்டப்பட்டது.

"அண்ணா, உன்கிட்ட வெள்ளை வேட்டி இருக்குல்ல?"

வாடகை வண்டியில் அவள் வாயே திறக்கவில்லை. அவள் பிறந்ததிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நிம்மதியான பயணம் அது. அத்தையின் வைத்தியத்தில் நிஜமாகவே பலித்த ஒரே பகுதியும் அதுதான்.

குழந்தை டாக்டர் ஒரு பெண்மணி. தொண்டை கட்டிய குரல், தலை மேல் ஏற்றிய கண்ணாடி, மேசையில் ஆறிப்போன காபி. முதலாளியைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கினார், தட்டினார், திருப்பினார். முதலாளி அதைத் தன் மேல் நடக்கும் தணிக்கையாகக் கருதி வீறிட்டார்.

"தாய்ப்பால் மட்டும்தானே?"

"ஆமா டாக்டர்."

"நல்லாக் குடிக்கிறானா? ஒண்ணுக்குப் போறானா? வாந்தி ஏதாவது? கடைசியாப் போனப்ப எப்படிப் போனான்?"

"குடிக்கிறான், போறான். வாந்தி இல்லை. கடைசியா இளக்கமாத்தான் போனான்."

"அப்ப இது மலச்சிக்கலே இல்லைம்மா. தாய்ப்பால் குடிக்கிற குழந்தை சில சமயம் பல நாள் போகாது. முக்கும், செவக்கும், அதெல்லாம் பழகிக்குது, அவ்வளவுதான். கெட்டியா உருண்டை உருண்டையாப் போனா, ரத்தம் வந்தா, வயிறு உப்பினா, வாந்தி எடுத்தா, பால் குடிக்கலைன்னா, உடனே தூக்கிட்டு வாங்க. ஏதாவது குடுத்தீங்களா?"

"குடுக்கப் போனேன். எண்ணெய், தேன், அப்புறம் சோப்பு."

டாக்டர் கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"ஒரு வயசு வரைக்கும் தேன் நாக்குல படவே கூடாது. எண்ணெய் மூச்சுக்குழாய்ல போச்சுன்னா நெஞ்சு கெட்டுப்போகும். சோப்பு உள்ளே புண்ணாக்கும். யாரு இதெல்லாம் சொன்னது?"

"அனுபவ அத்தை." தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏழு பெத்தவங்க டாக்டர்."

"ஏழும் உயிரோட இருக்குதுங்களா?"

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இவன் அங்கதான் பிழை திருத்தறான். சொல்லு அண்ணா."

"இருக்காங்க," என்றேன். தாயுள்ளம் லேசாகக் கலங்கியது. "எல்லாரும் வெளியூர்ல."

"அந்த அம்மாவை ஒரு நாள் இங்க கூட்டிட்டு வாங்க," என்றார் டாக்டர். "பேசணும். சரி, மாமா, குழந்தையை மடியில போட்டுக்குங்க. காலைப் பிடிச்சு சைக்கிள் மிதிக்கிற மாதிரி மெதுவா ஆட்டுங்க. அவ்வளவுதான் வைத்தியம்."

வீட்டில் மாமா, இதழில் அத்தை. இரண்டு உறவும் சேர்ந்து முதலாளியின் இரண்டு காலையும் பிடித்தன. மிதித்தேன். முதலாளி அழுகையை நிறுத்தி என்னை உற்றுப் பார்த்தார். ஏதோ நினைவுக்கு வந்தவர்போல முகத்தைச் சுளித்தார். பிறகு நிலுவையில் இருந்த அனைத்தும் எவ்வித முன்னறிவிப்புமின்றி, ஒரே தவணையில், என் சட்டை, பேன்ட், வலது காலணி ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நேரத்தில் வெளியிடப்பட்டது.

"பாருங்க, எவ்வளவு இளக்கம்!" என்றார் டாக்டர் மகிழ்ச்சியோடு.

இளக்கம்தான். அந்த அறையில் அதை என்னைவிட நெருக்கமாக அறிந்தவர் யாருமில்லை.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெள்ளைத் துணி எப்படி வேலை செஞ்சுது பாத்தியா? அத்தை அத்தைதான்!"

மறுநாள் நான் நேரே ஆசிரியர் அறைக்குப் போனேன். ஒரு வாசகம் எழுதிய தாளை நீட்டினேன். 'மும்முனை முறையைக் கைவிடுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள். இப்படிக்கு அத்தை.'

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஏதாவது இருக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"டாக்டர்கிட்ட போன்னு சொல்ல நாம எதுக்கு? அதுக்கு டாக்டரே போதுமே?"

"நாம எழுதினதால குழந்தைங்களுக்குக் கெடுதல் சார்."

"அத்தை தப்புப் பண்ண மாட்டாங்க. அவங்க தப்புப் பண்ணினா, போன வாரம் அவங்களைப் பாராட்டி எழுதின தலையங்கம் தப்பாயிடும். அப்புறம் நான் தப்பாயிடுவேன். அப்புறம் உங்க வேலை?"

நான் என் வேலையை நினைத்துப் பார்த்தேன். பிறகு வெள்ளைத் துணியை நினைத்துப் பார்த்தேன். உண்மைக்கு மரியாதை வேண்டுமானால் அதற்குக் கொண்டை போட்டு அனுப்ப வேண்டும் என்ற ஞானம் எனக்குச் சித்தித்தது. அங்கேயே நின்று சொன்னேன். துணி, கிழக்கு, மௌனம். ஆசிரியரின் முகம் மலர்ந்தது.

"துணிக்கு ஜவுளிக்கடை விளம்பரம் வரும். திசை இருக்கு. எண்ணெய்?"

"துணியோட நாலு மூலையிலயும் ஒவ்வொரு சொட்டு."

"சமையலறை?"

"மூலையில ஒரு சிட்டிகை உப்பு முடிச்சுக்கலாம்."

"எழுதுங்க!"

எழுதினேன். அந்த அலங்காரத்துக்கு நடுவே டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் ஒளித்துவைத்தேன்: ரத்தம் வந்தால், வாந்தி எடுத்தால், வயிறு உப்பினால், பால் குடிக்கவில்லை என்றால், உடனே. தேன் கூடாது, எண்ணெய் வாயில் கூடாது, சோப்பு கூடவே கூடாது. எழுதி முடித்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது. பொய்யின் முதுகில் உண்மையை ஏற்றிக் கரைசேர்த்த முதல் பத்திரிகையாளன் நானாகத்தான் இருக்க வேண்டும்.

"ஒரு வரி குறையுது!" என்றார் அளவுகோல்.

வீட்டுக்குப் போகிற அவசரம். பேனா தானாக ஓடியது. 'குழந்தையையும் சேர்த்து, செல்பவர்களின் எண்ணிக்கை இரட்டைப்படையில் இருப்பது மிக மிக அவசியம்.' வரி கச்சிதமாக உட்கார்ந்தது.

அந்த இதழ் மளமளவென்று விற்றது. எனக்குச் சம்பள உயர்வு, அளவுகோலுக்குப் புது நாற்காலி. முதலாளி அதன் பிறகு தனக்குத் தோன்றியபோதெல்லாம் போனார், தோன்றாதபோது போகவில்லை. யாரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. மாப்பிள்ளை திரும்பி வந்தார். எனக்கு என் படுக்கை கிடைத்தது.

அடுத்த தடுப்பூசிக்கு மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான்தான் துணைக்குப் போனேன். மருத்துவமனை வாசலிலேயே நான் நின்றுவிட்டேன். பெஞ்சு முழுக்க வெள்ளைத் துணி மூட்டைகள். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு குட்டி முகம் எட்டிப் பார்த்தது. மூலைகளில் எண்ணெய்க் கறை, உப்பு முடிச்சு. பெரியவர்கள் வாயை இறுக்கி மூடி உட்கார்ந்திருந்தார்கள். உதவியாளர் பெயர் கேட்டால் சைகையில் சொன்னார்கள். மருத்துவ உலகம் எனக்கு ஒரு சால்வையாவது கடன்பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

டாக்டர் முதலாளிக்கு ஊசி போட்டார். முதலாளி தன் கருத்தை உரக்கத் தெரிவித்தார். அவர் அடங்கியதும் டாக்டர் என் பக்கம் திரும்பினார். அவர் குரல் முன்பைவிடக் கட்டியிருந்தது.

"உங்க அத்தை இந்தத் தடவை பாதி சரியா எழுதியிருக்காங்க. சோப்போட வர்ற குழந்தைங்க நின்னு போச்சு. அதுக்கு நன்றி சொல்லணும்னு நெனச்சிருந்தேன்."

நான் தலையைத் தாழ்த்தி அடக்கத்தைக் காட்டினேன்.

"போன வாரம் ஒரு குழந்தை. வாந்தி, மலத்துல ரத்தம். குடல் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிக்கிச்சு. அந்த அம்மாவுக்கு ஆபத்துன்னு தெரிஞ்சிருக்கு, உங்க பத்திரிகையைப் படிச்சுத்தான் தெரிஞ்சிருக்கு. துணியில சுத்தி, வண்டியைக் கூப்பிட்டு, வாசலுக்கும் வந்துட்டாங்க. ஆனா அம்மா, அப்பா, குழந்தை, மூணு பேர். ஒத்தைப்படை. நாலாவது ஆளுக்காக வாசல்லயே நின்னிருக்காங்க. பக்கத்து வீடு பூட்டியிருக்கு. வண்டிக்காரர், 'என்னையும் சேத்துக்குங்க'ன்னு சொல்லியிருக்காரு. ஓட்டறவரைக் கணக்குல சேக்கலாமான்னு அதுக்கு ஒரு விவாதம். அத்தை அதைப் பத்தி ஒண்ணும் எழுதலையாம். குழந்தை துவண்டு போற வரைக்கும் நின்னிருக்காங்க."

"குழந்தை?" என்றாள் தங்கை. அவள் கை முதலாளியை இறுக்கிக்கொண்டது.

"பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் ஆச்சு. பிழைச்சுக்கும். இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா, நான் இப்படி உக்காந்து உங்ககிட்ட கோபப்பட முடியாது."

வெளியே பெஞ்சில் ஏதோ ஒரு குழந்தை சிணுங்கியது. யாரும் அதைப் பேசிச் சமாதானப்படுத்தவில்லை.

"அதை எழுதினது நான்தான் டாக்டர்," என்றேன். "அத்தைன்னு யாருமே இல்லை."

தங்கை ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளில் கை வைத்து டாக்டரிடம் சொன்னாள்: "இவன் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் டாக்டர். யாரைத் திட்டினாலும் தாங்க மாட்டான், பழியைத் தன் மேல போட்டுப்பான். குழந்தையைப் பிடிக்கக்கூடத் தெரியாது இவனுக்கு. இவனாவது எழுதறதாவது!"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுதினது யாரோ, எனக்குத் தேவையில்லை. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க அந்த வரியைப் படிச்சீங்களா, இல்லையா?"

"படிச்சேன் டாக்டர்," என்றேன். "'இரட்டைப்படை'யில ஒரு 'ப்' விட்டுப் போயிருந்தது. திருத்திட்டேன்."